டெக்சாஸ் ஸ்டேட் பார்க்கில் ஒரு நாள்: குடும்பத்தோடு போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

சனிக்கிழமை காலை பதினொரு மணி. ஆஸ்டினிலிருந்து இரண்டு மணி நேரம் ஓட்டி வந்த மூன்று கார்கள். தாத்தா, பாட்டி, நாலு குழந்தைகள், பெரிய டப்பா நிறையப் புளிசாதம். வாசலில் 'இடம் நிரம்பிவிட்டது' என்று பலகை. பின் சீட்டில் குழந்தைகள் அழ ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இதே காட்சியைப் பல வார இறுதிகளில் பார்த்திருக்கிறேன். ஊரிலிருந்து புதிதாக வந்த நண்பர்களையும் அவர்கள் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு போய்வந்ததில், யார் எங்கே தடுமாறுவார்கள் என்பது எனக்கு அத்துப்படி. நடப்பதிலோ ஏறுவதிலோ தடுமாறுகிறவர்கள் குறைவு. எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்பதில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். அதனால் அந்த வரிசைப்படியே எழுதுகிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் ஆஸ்டினைச் சுற்றியுள்ள மலைப்பகுதியிலிருந்து வரும். நான் அதிகம் போவது அங்கேதான்.

1. 'பார்க்' என்ற சொல்லை நம்பிக் கிளம்பாதீர்கள்

என் மாமியார் முதல் தடவை காரிலிருந்து இறங்கி நாலாபுறமும் பார்த்துவிட்டு, "பார்க்குன்னு சொன்னீங்களே, ஒரு பூச்செடியைக்கூடக் காணோமே" என்றார். காலில் வழுவழுப்பான செருப்பு, உடம்பில் நல்ல பட்டுப்புடவை. அன்று முழுக்க ஒரு மேஜையடியிலேயே உட்கார்ந்திருந்தார். தப்பு என்னுடையது. எங்கே போகிறோம் என்று அவருக்கு நான் சொல்லவே இல்லை.

ஸ்டேட் பார்க் என்பது ஊஞ்சலும் சறுக்குமரமும் இருக்கும் பூங்கா இல்லை. காடு, கருங்கல் குன்று, ஆறு, ஏரி, மணல்மேடு, குகை என்று இயற்கை இருந்தபடியே இருக்கும் இடம். டெக்சாஸில் 80க்கும் மேற்பட்ட இடங்களை மாநிலத்தின் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறை பார்த்துக்கொள்கிறது. தேசியப் பூங்காக்கள் வேறு நிர்வாகம். அவற்றுக்கான வருடப் பாஸ் இங்கே செல்லாது. அதை நீட்டிவிட்டு விழிப்பவர்கள் ஒவ்வொரு வாரமும் உண்டு.

ஆகவே முதல் வேலை வாட்சாப் குழுவில் நாலு வரி எழுதுவது: எவ்வளவு தூரம் நடை, ஏற்றம் உண்டா, கழிப்பறை எங்கே, பின்னால் வார் வைத்த செருப்போ ஷூவோ கட்டாயம். முழங்கால் வலி உள்ளவர்கள் அதைப் படித்துவிட்டு முன்கூட்டியே சொல்வார்கள். அதைக் கேட்டபிறகுதான் இடத்தை முடிவு செய்ய வேண்டும்.

2. முதலில் மாதம், பிறகு இடம்

புதியவர்கள் படத்தில் அழகாக இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு தேதி பார்ப்பார்கள். டெக்சாஸில் இது நேர்மாறாக நடக்க வேண்டும். வெயில்தான் இங்கே எஜமான்.

அக்டோபர் கடைசி முதல் ஏப்ரல் வரை பாறையும் நடையும். என்சான்டட் ராக் என்ற கருங்கல் குன்று, பாலோ டூரோ பள்ளத்தாக்கு எல்லாம் அப்போதுதான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தண்ணீர் இருக்கும் இடம் மட்டும்: இன்க்ஸ் லேக், ஃப்ரியோ ஆற்றங்கரையில் உள்ள கார்னர், மேற்கே பால்மோரியா. பால்மோரியாவில் நிலத்தடி ஊற்றே குளமாகத் தேங்குகிறது. வருடம் முழுக்க 72 முதல் 76 டிகிரி ஃபாரன்ஹீட். ஆகஸ்டு வெயிலில் அதில் இறங்கினால் தாமிரபரணியில் விடியற்காலைக் குளியல் ஞாபகம் வரும்.

சில இடங்களுக்குச் சின்னஞ்சிறு பருவம்தான். லாஸ்ட் மேப்பிள்ஸில் இலை சிவப்பது அக்டோபர் கடைசி முதல் நவம்பர் நடு வரை. நீலப்பூக்கள், அதாவது ப்ளூபானட், மார்ச் கடைசியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும். டைனோசர் வேலியில் பாலக்ஸி ஆற்றுப் படுகையிலேயே கால்தடங்கள் இருப்பதால் ஆற்றில் தண்ணீர் வற்றியிருக்க வேண்டும். மழை பெய்த மறுவாரம் போனால் கலங்கல் தண்ணீரை மட்டும் பார்த்துவிட்டு வருவீர்கள். கோடையின் கடைசிதான் அதற்குச் சரி. சுமார் 11.3 கோடி ஆண்டுக்கு முன் நடந்த மூன்று விரல் தடத்தில் குழந்தை தன் காலை வைத்துப் பார்க்கும் அந்த நிமிடத்துக்காகவே தேதியை மாற்றிக்கொள்ளலாம்.

மார்ச் நடுவில் பள்ளி விடுமுறை வாரம் ஒன்று வரும். அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்கள். முடிந்தால் வார நாளில் போங்கள். அதே பாறை, நாலில் ஒரு பங்கு கூட்டம்.

3. திறந்திருக்கிறதா என்று பாருங்கள்

இதைத் தவறவிட்டு ஒரு டிசம்பரில் மூன்று மணி நேரம் ஓட்டிப்போய் மூடிய கேட்டின் முன் நின்றிருக்கிறேன். மான்கள் அளவுக்கு மீறிப் பெருகாமல் இருக்க, பல பூங்காக்களில் குளிர்காலத்தில் குறிப்பிட்ட நாள்களில் வேட்டைக்கு அனுமதி தருகிறார்கள். அந்த நாள்களில் பூங்கா முழுவதுமோ ஒரு பகுதியோ மூடப்பட்டிருக்கும். தேதிகள் முன்பே அறிவிக்கப்படும். நான் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஒவ்வொரு பூங்காவின் பக்கத்திலும் மேலேயே அறிவிப்புகள் இருக்கும். அங்கே நாலு விஷயங்களைத் தேடுங்கள். வேட்டை நாள் மூடல் ஒன்று. நெருப்பு மூட்டத் தடை இரண்டாவது; வறட்சி மாதங்களில் அந்தந்த மாவட்டம் இதை அறிவித்துவிடும், அப்புறம் கரி அடுப்பு கனவுதான். மூன்றாவது ஆற்று நிலவரம். நான்காவது பாதை மூடலும் பழுதுபார்ப்பும். டே பாஸ், அதாவது பகலில் போய்வருவதற்கான முன்பதிவு, எடுக்கும் முன் ஒரு தடவை, கிளம்பும் முந்தின மாலை இன்னொரு தடவை பாருங்கள். நடுவில் ஒரு மாதம் இருக்கிறதல்லவா, அதற்குள் நிறைய மாறும்.

4. டே பாஸ்: இதுதான் கதவு

அந்த மூன்று கார்களும் திரும்பியது இதனால்தான். பகலில் வந்துபோகும் இடத்துக்குக்கூட முன்பதிவு உண்டு. 30 நாள் முன்னாலிருந்து எடுக்கலாம். இரவு தங்குவதானால் 5 மாதம் முன்னாலிருந்து.

பாதைகளும் கார் நிறுத்துமிடமும் தாங்கும் அளவுக்கு மட்டும் ஆட்களை விடுகிறார்கள். அந்த எண்ணிக்கை நிரம்பினால் கேட்டை மூடிவிடுவார்கள். டே பாஸ் கையில் இருந்தால் கூட்டத்தைப் பற்றி உங்களுக்குக் கவலை இல்லை, உங்கள் இடம் உங்களுக்கு.

எடுக்கும்போது செய்யும் பிழைகள்:

மூன்று குடும்பம் சேர்ந்து போகும்போது ஒருவர் மட்டும் பதிவுசெய்துவிட்டு 'எல்லாருக்கும் ஆச்சு' என்று நினைப்பது. கார் தனித்தனியாக வருகிறது என்றால் குடும்பத்துக்கு ஒரு பதிவு இருப்பதே நல்லது. ஒரு கார் தாமதமானாலும் மற்றவர்கள் உள்ளே போய்விடலாம்.

குழந்தைகளைக் கணக்கில் விட்டுவிடுவது. 12 வயது வரை கட்டணம் கிடையாது என்றாலும், வருகிற தலைகளின் எண்ணிக்கையில் அவர்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வர முடியாமல் போனால் அப்படியே விட்டுவிடுவது. தயவுசெய்து ரத்து செய்யுங்கள். நீங்கள் விட்ட இடம் வேறொரு குடும்பத்துக்குப் போகும். கிளம்பும் நாளன்று காலையில்கூட இப்படி இடம் திறந்து எனக்குக் கிடைத்திருக்கிறது.

பதிவு உறுதியானதும் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். என்சான்டட் ராக் பக்கம் போனில் சிக்னல் ஒரு கோடு வந்தால் அதிகம். வரைபடத்தையும் அப்படியே வீட்டிலேயே இறக்கிவிடுங்கள்.

5. 70 டாலர் பாஸ் யாருக்கு லாபம்

நுழைவுக் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். என்சான்டட் ராக்கில் பெரியவர் ஒருவருக்கு 8 டாலர், பெடர்னாலிஸ் ஃபால்ஸில் 6. வருடப் பாஸ் 70 டாலர். அட்டை வைத்திருப்பவரும் அதே காரில் வருபவர்களும் கட்டணமில்லாமல் உள்ளே போகலாம்.

கணவன், மனைவி, ஊரிலிருந்து வந்த அம்மா, அப்பா என்று நாலு பெரியவர்கள் என்றால் என்சான்டட் ராக்குக்கு ஒரு தடவைக்கு 32 டாலர். மூன்றாவது தடவையில் பாஸ் காசு திரும்பிவிடும். பெற்றோர் ஆறு மாதம் தங்க வரும் வருடத்தில் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிடலாம். இரண்டே பேர், வருடத்துக்கு இரண்டு தடவை என்றால் வேண்டாம்.

பாஸ் எடுத்தவர்கள் செய்யும் பெரிய தவறு ஒன்று இருக்கிறது: பாஸ் இருந்தால் டே பாஸ் வேண்டாம் என்று நினைப்பது. வருடப் பாஸ் காசைத்தான் மிச்சப்படுத்தும், இடத்தைப் பிடித்துவைக்காது. முன்பதிவு செய்யும்போதே பாஸ் எண்ணைக் கொடுத்தால் கட்டணம் சுழியமாகிவிடும். இரண்டும் வேண்டும்.

6. முந்தின இரவு: தண்ணீரைத் தலைக்கு இவ்வளவு என்று எண்ணுங்கள்

வெயிலில் நடக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஆளுக்கு அரை லிட்டர். மூன்று மணி நேர நடை, ஆறு பேர் என்றால் ஒன்பது லிட்டர். எழுதிப் பார்த்தால்தான் அந்த எண் உறைக்கும். ஒரு அட்டைப் பெட்டி பாட்டிலைக் காரில் போட்டுவிட்டு, ஆளுக்கு ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கப் போகிறவர்களைத்தான் பாதி வழியில் உட்கார்ந்திருக்கப் பார்க்கிறேன். காரில் இருக்கும் தண்ணீர் உங்களுடையது இல்லை, முதுகில் இருப்பதுதான் உங்களுடையது. அதனால் ஒரு ஆளுக்கு ஒரு முதுகுப்பை, பத்து வயதுப் பிள்ளைக்கும் சேர்த்து.

பாதித் தண்ணீரை உப்புப் போட்ட மோராகக் கொண்டுபோங்கள். வியர்வையில் உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருந்தால் தலைவலி வரும். இரண்டு பாட்டிலை முந்தின இரவு உறைய வைத்தால் மதியம்வரை ஐஸ் பெட்டிக்கு வேறு ஐஸ் வேண்டாம்.

சாப்பாட்டில் தயிர்சாதம் அருமை, ஆனால் ஐஸ் பெட்டிக்குள் இருந்தால் மட்டும். புளிசாதம், எலுமிச்சைச் சாதம், சப்பாத்திச் சுருள் வெளியிலேயே தாங்கும். குழம்பு, ரசம் வேண்டாம். சிந்தினால் கழுவ இடம் இருக்காது, வாசனைக்கு எறும்பிலிருந்து ரக்கூன் என்ற சிறு காட்டுவிலங்கு வரை வந்துவிடும். தட்டு, தம்ளர் வீட்டிலிருந்து. குப்பைக்கு இரண்டு பெரிய பை.

இன்னொன்று. பீர் பெட்டியை எடுத்துவைத்திருந்தால் இறக்கிவிடுங்கள். ஸ்டேட் பார்க்கில் பொது இடத்தில் மது குடிப்பதும் வெளியே தெரியும்படி வைத்திருப்பதும் விதிமீறல்.

7. உள்ளே போனதும் நேராக அலுவலகம்

எல்லோரும் பாறையைப் பார்த்ததும் ஓடுவார்கள். நிறுத்துங்கள். பத்து நிமிடம் அலுவலகத்துக்குக் கொடுங்கள்.

இன்று எந்தப் பாதை ஈரமாக இருக்கிறது, பாம்பு எங்கே தென்பட்டது, ஆறு ஏறுகிறதா என்பதெல்லாம் காலையில் சுற்றிவந்த ரேஞ்சருக்குத்தான், அதாவது பூங்காக் காவலருக்குத்தான், தெரியும். "ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் இருக்கிறார்கள், ஒரு மணி நேரம்தான் நடப்பார்கள், எங்கே போகலாம்?" என்று கேளுங்கள். வரைபடத்தில் பேனாவால் கோடு போட்டே கொடுப்பார்கள்.

குழந்தைகளுக்கு ஜூனியர் ரேஞ்சர் என்ற பயிற்சிப் புத்தகம் இருக்கிறதா என்றும் கேளுங்கள். மீன் பிடிக்க ஆசையா? ஸ்டேட் பார்க்கில் கரையிலிருந்தோ தண்ணீருக்குள் நீளும் மீன்பிடி மேடையிலிருந்தோ பிடிக்க லைசன்ஸ் வேண்டாம். பல பூங்காக்களில் தூண்டிலையும் இரவல் தருகிறார்கள். எத்தனை மீன், எவ்வளவு நீளம் என்ற வரம்பு மட்டும் லைசன்ஸ் இல்லாதவர்களுக்கும் உண்டு. என் அப்பா எழுபது வயதில் முதல் முறையாகத் தூண்டில் பிடித்தது இங்கேதான். மூன்று மணி நேரம் எழுந்திருக்கவே இல்லை.

8. பாறையில்: ஏறும்போது இல்லை, இறங்கும்போது கவனம்

என்சான்டட் ராக் ஒரே கருங்கல் குன்று, இளஞ்சிவப்பு நிறம், சுற்றியுள்ள தரையிலிருந்து 425 அடி உயரம். உச்சிக்குப் போகும் பாதை ஒரு மைலுக்கும் குறைவுதான். தூரத்தைப் பார்த்து 'இவ்வளவுதானே' என்று பதினொரு மணிக்கு ஏற ஆரம்பிப்பார்கள். மரமே கிடையாது. மேலிருந்து அடிக்கும் வெயில் போதாதென்று கல்லிலிருந்தும் அனல் ஏறும். காலை ஒன்பதுக்குள் உச்சியில் இருக்க வேண்டும் என்று வைத்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுக் கிளம்பும் நேரத்தை முடிவு செய்யுங்கள். ஆஸ்டினிலிருந்து என்றால் ஆறு மணிக்குக் கார் நகர்ந்திருக்க வேண்டும்.

ஏறும்போது நேராக ஏறாமல் சாய்வாக, கோயில் மலைப்படி ஏறுகிற நிதானத்தில் போங்கள். கெண்டைக்கால் பிடிப்பு வராது. இறங்கும்போதுதான் விழுகிறார்கள். உடம்பைப் பின்னால் சாய்த்தால் குதிகால் வழுக்கும். முழங்காலைச் சற்று மடக்கி, பாதம் முழுவதும் கல்லில் படும்படி சின்னச் சின்ன அடியாக வையுங்கள். பச்சையும் மஞ்சளுமாகப் படர்ந்திருக்கும் பாசி போன்ற படலம் ஈரமாக இருந்தால் அதில் கால் வைக்கவே கூடாது.

உச்சியில் ஆழமில்லாத குழிகள் தெரியும். சிலதில் தண்ணீர், சிலதில் மண்ணும் புல்லும், சிலது வெறுமையாகக் காய்ந்திருக்கும். எல்லோரும் காய்ந்த குழியில் உட்கார்ந்து படம் எடுப்பார்கள். அந்த மண்ணுக்குள் ஃபேரி ஷ்ரிம்ப் என்ற சின்னஞ்சிறு இறாலின் முட்டைகள் மழைக்குக் காத்துக் கிடக்கின்றன. மழை பெய்ததும் பொரிந்து, தண்ணீர் வற்றுவதற்குள் முட்டையிட்டு முடிந்துவிடும் வாழ்க்கை. ஒரு வசந்தத்தில் மழைக்குப் பிறகு போனபோது, என் மகளும் நானும் குப்புறப் படுத்துப் பார்த்தோம். கண்ணாடித் துண்டு மாதிரி உடம்பு, அரிசி நீளம், மல்லாந்தபடியே நீந்திக்கொண்டிருந்தன. அன்றிலிருந்து அவள் யாரையும் அந்தக் குழியில் கால் வைக்க விடுவதில்லை. தண்ணீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழியைச் சுற்றிப் போங்கள்.

நாய் கூட வந்தால் உச்சிப் பாதைக்கு அனுமதி இல்லை. இதைத் தெரியாமல் வந்து, ஒருவர் மாற்றி ஒருவர் கீழே காவல் இருக்கும் குடும்பங்கள் நிறைய.

பாதையோரம் சப்பாத்திக்கள்ளி பழுத்திருக்கும். ஊரில் பறித்துத் தின்ற ஞாபகத்தில் பெரியவர்கள் கை நீட்டுவார்கள். இங்கே பூ, பழம், கல் எதையும் எடுக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத முள் விரலில் ஏறினால் நாள் முழுக்க உறுத்தும் என்பது அவர்களுக்கே தெரியும்.

பாலோ டூரோவுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே பள்ளத்தாக்கின் அடியில் நடக்கிறோம், மேலே விளிம்பில் இருப்பதைவிடச் சூடு அதிகம். லைட்ஹவுஸ் பாதை போக வர சுமார் ஆறு மைல். வெயில் தாக்கி அங்கே உயிர்கள் போயிருக்கின்றன. கோடையானால் விடியும்போது கிளம்புங்கள், இல்லை விட்டுவிடுங்கள்.

9. தண்ணீரில்: அழகான இடம் வேறு, குளிக்கும் இடம் வேறு

பெடர்னாலிஸ் ஃபால்ஸ் என்று எழுதினாலும் உள்ளூர்க்காரர்கள் 'பெர்டினாலிஸ்' என்றுதான் சொல்வார்கள். சுண்ணாம்புக்கல் படிகளில் தண்ணீர் வழியும் அந்த அருவிப் பகுதியில் இறங்கிக் குளிக்கக் கூடாது. குளிக்கும் இடம் ஆற்றில் கீழே, தனியாக இருக்கிறது. குற்றாலத்தில் நின்று பழகிய நமக்கு இது ஏமாற்றம்தான். காரணத்தைக் கேட்டால் ஒத்துக்கொள்வீர்கள்.

இந்த மலைப்பகுதியில் மண் குறைவு, பாறை அதிகம். பெய்யும் மழையை நிலம் குடிப்பதில்லை, அப்படியே ஆற்றில் கொட்டிவிடுகிறது. உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும். மேற்கே முப்பது மைலில் இடி மழை பெய்திருக்கும். சில நிமிடங்களில் ஓடை ஆறாகிவிடும். அதனால்தான் பூங்காவில் அபாயச் சங்கு வைத்திருக்கிறார்கள்.

சங்குக்குக் காத்திராதீர்கள். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், தண்ணீர்க்கோடு ஒரு விரல் அளவு ஏறினால், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு உடனே மேட்டுக்கு ஏறுங்கள். பை, செருப்பு, போன் எதையும் எடுக்கத் திரும்பக் கூடாது. நாங்கள் ஆற்றில் இறங்கியதும் ஒரு கல்லைத் தண்ணீர் விளிம்பில் அடையாளத்துக்கு வைத்துவிட்டு, பெரியவர் ஒருவரை அதைப் பார்க்கச் சொல்வோம். கரையில் உட்கார்ந்திருக்கும் தாத்தாவுக்கு ஏற்ற வேலை, அவரும் பொறுப்பாகச் செய்வார்.

குழந்தைகளோடு முதல் தடவை என்றால் ஆற்றைவிட இன்க்ஸ் லேக் நல்லது. அணைக்குப் பின்னால் தேங்கிய ஏரி, நீர்மட்டம் பெரும்பாலும் ஒரே சீராக இருக்கும், கயாக் என்ற துடுப்புப் படகு வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் உயிர்காப்பாளர் யாரும் இல்லை. படகில் 13 வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள் லைஃப் ஜாக்கெட் போட்டே தீர வேண்டும் என்பது மாநிலச் சட்டம். நான் பெரியவர்களையும் போட வைப்பேன். நம்மில் பலருக்கு நீச்சல் கிணற்றோடு நின்றுவிட்டது. காற்றில் வளைய மிதவை கரையை விட்டு எவ்வளவு வேகமாக நகரும் என்பது ஏரியில் இறங்கினால்தான் தெரியும்.

ஹூஸ்டன் பக்கம் பிராஸோஸ் பெண்டுக்குப் போனால் தண்ணீரை மறந்துவிட்டுக் கரையில் மட்டும் நடங்கள். முதலை வகையான அலிகேட்டர்கள் பாதையோரத்திலேயே வெயில் காயும். முப்பது அடி தள்ளி நில்லுங்கள், குழந்தையைத் தண்ணீர்ப் பக்கம் விடாமல் உள்பக்கம் நடக்க வையுங்கள்.

10. மதிய வெயிலைப் பழைய கட்டடங்களுக்குக் கொடுங்கள்

பன்னிரண்டிலிருந்து நாலு வரை வெளியே அலைவது வீண். வரலாற்றைப் பார்ப்பதற்கு அதுதான் நேரம், ஏனென்றால் அது நிழலில் இருக்கிறது.

டெக்சாஸின் பழைய பூங்காக்கள் பலவற்றை 1933 முதல் 1942 வரை, பெரும் பொருளாதாரச் சரிவின்போது வேலையில்லாத இளைஞர்களைத் திரட்டிக் கட்டினார்கள். சிசிசி என்று சுருக்கிச் சொல்லும் சிவிலியன் கன்சர்வேஷன் கார்ப்ஸ் என்ற அரசு அமைப்பு அது. மாதச் சம்பளம் 30 டாலர், அதில் 25 வீட்டுக்குப் போய்விடும். பாலோ டூரோவில் உழைத்தவர்களில் கறுப்பினத்தவரின் பிரிவுகளும் உண்டு. பலகையைப் படித்துவிட்டு நகர்ந்துவிடாமல் சுவருக்குப் பக்கத்தில் போங்கள். உளி பட்ட தடத்தை விரலால் தொட்டுப் பாருங்கள்; ஒரு கல்லில் நெருக்கமாக, அடுத்த கல்லில் கோணலாக, ஒவ்வொருவர் கைப்பழக்கமும் தனித்தனியாகத் தெரியும்.

இதைப் பார்க்கச் சிறந்த இடம் பாஸ்ட்ராப். பாறையிலிருந்தே முளைத்த மாதிரி நிற்கும் சிறு வீடுகள், அங்கேயே பட்டறை போட்டுச் செய்த மர மேஜை நாற்காலிகள். 2011 காட்டுத்தீயில் அந்தப் பூங்காவின் 96 சதவீதம் எரிந்தது. தீயணைப்பு வீரர்கள் இந்தக் கட்டடங்களைச் சுற்றி நின்று காப்பாற்றினார்கள். இன்று கருகிய அடிமரங்களுக்கு நடுவே இளம் பைன்கள் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்திருக்கின்றன.

இன்க்ஸ் லேக் போகிறவர்களுக்கு இன்னும் எளிய வழி: காலையில் ஏரி, மதியம் அதே சாலையில் பத்து நிமிடத்தில் வரும் லாங்ஹார்ன் குகை. உள்ளே வருடம் முழுக்க 68 டிகிரி ஃபாரன்ஹீட். மண் மூடிக் கிடந்த அந்தக் குகையைத் தோண்டித் திறந்ததும் அதே இளைஞர்கள்தான். வருடப் பாஸ் இங்கே உதவாது, தனிச் சீட்டு முன்கூட்டியே எடுக்க வேண்டும்.

பாறை ஓவியம் பார்க்க ஆசைப்பட்டால் செமினோல் கேன்யன் அல்லது எல் பாசோ அருகே ஹுவேகோ டேங்க்ஸ். செமினோலில் ஃபேட் பெல் குகை ஓவியங்களை வழிகாட்டியோடு மட்டும்தான் பார்க்கலாம். ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டு பழையவை. ஹுவேகோவில் நாமே சுற்றிப் பார்க்கும் பகுதிக்கு ஒரே நேரத்தில் 70 பேர்தான், முதலில் விளக்கப் படம் பார்த்தாக வேண்டும். எங்கேயும் ஓவியத்தைத் தொடக் கூடாது. விரலில் உள்ள எண்ணெய்ப் பசை அந்த வண்ணத்தை அரிக்கும். தொட்டுக் கும்பிடும் பழக்கம் உள்ள பெரியவர்களிடம் இதை உள்ளே நுழையும் முன்பே மெதுவாகச் சொல்லிவிடுங்கள்.

11. இரவு தங்குவதானால்

முதல் தடவையே இரண்டு இரவு வேண்டாம், ஒன்று போதும். வீட்டுக் கொல்லையில் கூடாரத்தை ஒரு முறை போட்டுப் பார்த்துவிடுங்கள். இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் எந்தக் கம்பி எந்தத் துளைக்கு என்று தேடும் அவஸ்தை வராது.

தண்ணீரும் மின்சாரமும் உள்ள இடத்தையே எடுங்கள். ஒரு இடத்துக்கு எட்டுப் பேர்தான். பதினாலு பேராகப் போய் 'அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்' என்றால் நடக்காது. பக்கத்துப் பக்கத்து இடங்கள் இரண்டு வேண்டும் என்றால் ஐந்து மாதம் முன்பே உட்கார வேண்டும். தங்கும் கட்டணத்தோடு நுழைவுக் கட்டணமும் தனியாகச் சேரும். மதியம் இரண்டு மணிக்குத்தான் இடம் கிடைக்கும், மறுநாள் பன்னிரண்டுக்குக் காலி செய்ய வேண்டும். இரவு பத்து மணிக்கு மேல் பாட்டும் அந்தாக்ஷரியும் கூடாது.

விறகைக் காட்டில் பொறுக்கக் கூடாது. பூங்காவிலோ பக்கத்து ஊரிலோ வாங்குங்கள். தொலைவிலிருந்து கொண்டுவரும் கட்டையில் மரங்களைக் கொல்லும் பூச்சியும் நோயும் ஒட்டிக்கொண்டு வரும்.

ஜமக்காளத்தை விரிக்கும் முன் தரையைக் காலால் தட்டிப் பாருங்கள். புட்டு உதிர்த்த மாதிரி மண் குவிந்திருந்தால் அது நெருப்பு எறும்புப் புற்று. சாப்பாட்டுப் பெட்டியைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள், காருக்குள் வைத்துப் பூட்டுங்கள். கொக்கி போட்ட இட்லிப் பாத்திரத்தை ரக்கூன் இரண்டு கையாலும் திறந்ததை நான் பார்த்திருக்கிறேன். மிளகாய்ப்பொடி தடவிய இட்லியையும் விட்டுவைக்கவில்லை.

விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு இருபது நிமிடம் போனையும் பார்க்காமல் இருங்கள். கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் ஆகும். என்சான்டட் ராக்கில் நிலா இல்லாத இரவில் பால்வெளி தெரியும். நகரத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு அதைக் காட்ட அமாவாசையை ஒட்டித் தேதி பாருங்கள். நம் வீட்டு நாள்காட்டியிலேயே இருக்கிறது.

12. காரில் ஏறும் முன்

குழந்தைகளின் காதுக்குப் பின்னால், அக்குளில், இடுப்பு எலாஸ்டிக் ஓரத்தில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தோலை ஒட்டிச் சாமணத்தால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். நசுக்கவோ சூடு வைக்கவோ கூடாது. புல்லில் நடந்திருந்தால் அன்றே வெந்நீரில் சோப்புப் போட்டுக் குளியல். சிகர் என்ற பொடிப் பூச்சி கடித்த அரிப்பு மறுநாள்தான் தெரியும். மூன்று மூன்றாக இலை விட்ட பாய்சன் ஐவி உரசியிருக்கும் என்று சந்தேகம் இருந்தால் உடுப்பையும் தனியாகத் துவைத்துவிடுங்கள். அதன் பால் துணியில் நாள் கணக்கில் இருக்கும்.

குழந்தைகளின் பாக்கெட்டையும் ஒரு தடவை தட்டிப் பாருங்கள். கட்டாயம் ஒரு இளஞ்சிவப்புக் கல் இருக்கும். எடுத்த இடத்திலேயே அவர்கள் கையாலேயே வைக்கச் சொல்லுங்கள். குப்பைப் பையைக் கேட்டருகே உள்ள தொட்டியில் போட்டுவிட்டு, ஐஸ் பெட்டியில் மிஞ்சிய தண்ணீரைப் பாட்டில்களில் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள். திரும்பும் வழியில் முதல் பெட்ரோல் பங்க் வர நாற்பது நிமிடம் ஆகலாம்.